பழுதான கணினியும் பத்திரமான தட்டும்

எம்மவர் இல்லங்களின் நிலக்கீழ் அறைகளிலும், அலுமாரிகளின் மேற்தட்டுகளிலும், கட்டில்களின் அடியிலும் இயங்காத கணினிகள் பல இன்று தூசி படிந்து கிடக்கின்றன. புலம்பெயர்ந்து வந்த முதலாண்டுகளில் தவணை முறையில் வாங்கிய மேசைக்கணினி. பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய மடிக்கணினி. உறவினர் ஒருவர் நாடு மாறிச் சென்றபோது விட்டுச் சென்ற இன்னொன்று. "அது செத்துப் போயிற்று" என்று ஒரே சொல்லில் அவற்றின் கதையை முடித்துவிடுகின்றோம். இடம் போதாமல் வீடு மாறும் நாளில் அவை குப்பைக் கொள்கலனைச் சென்றடைகின்றன.

ஆனால் செத்தது எது என்று நாம் கேட்பதில்லை. பெரும்பாலான வேளைகளில் பழுதடைவது மின்வழங்கியாகவோ, திரையாகவோ, தாய்ப்பலகையாகவோ இருக்கும். எழுத்தையும் படத்தையும் தாங்கி நிற்கும் வன்தட்டு இவற்றினின்றும் வேறான ஓர் உறுப்பு. வீடு இடிந்தாலும் இரும்புப் பெட்டி இடிபாட்டுக்குள் குலையாமல் இருப்பதுபோல, கணினி நின்றபின்னும் தட்டு நல்ல நிலையில் இருக்கக்கூடும். அதற்குள் முதற்பிள்ளையின் தொட்டிற்படம் இருக்கலாம். ஊரிலிருந்து ஸ்கான் செய்து அனுப்பப்பட்ட காணி உறுதி இருக்கலாம். அகதி விண்ணப்பத்துக்கெனப் பல இரவுகள் விழித்திருந்து தட்டச்சிட்ட வாக்குமூலம் இருக்கலாம்.

எமக்கு அறிமுகமான குடும்பமொன்றின் மடிக்கணினியைப் பார்த்த பழுதுபார்க்கும் கடைக்காரர், திருத்துவதற்கு ஆகும் செலவு புதியதன் விலையை எட்டும் என்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கூறியது பொய்யன்று. தாய்ப்பலகை எரிந்துதான் போயிருந்தது. ஆனால் தட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து, உள்ளங்கையளவுக் கூடொன்றில் அத்தட்டைப் பொருத்தியபோது, தாயகத்தில் காலமான பாட்டியாரின் இறுதி ஆண்டுப் படங்கள் அத்தனையும் ஒரு குறையுமின்றித் திரையில் எழுந்தன. செலவு இருபது யூரோவை எட்டவில்லை.

அத்தகைய கூட்டினைத் தெரிவு செய்வதும் பொருத்துவதும் எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கடைகளில் "என்குளோஷர்" என்று கேட்டால் தருவார்கள். இது வெறும் பெட்டியன்று. தட்டு பேசும் மொழியை யு.எஸ்.பி. மொழிக்கு மாற்றித் தரும் சிறிய பலகையொன்று இதனுள் உண்டு. ஆதலால் எந்தக் கூடும் எந்தத் தட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணி வாங்குவது வீண் செலவாக முடியும்.

முதலில் தட்டை அறிக

கூட்டை வாங்குமுன் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கணினியின் மின்வடத்தைப் பிடுங்கி, மடிக்கணினியாயின் இயலுமானவரை பற்றரியையும் அகற்றியபின்னரே மூடியைத் திறக்க வேண்டும். சிறிய திருப்புளி ஒன்றே பெரும்பாலும் போதும்.

அளவு முதலாவது. மேசைக்கணினியின் தட்டு மூன்றரை அங்குல வகை, கனமானது. மடிக்கணினியின் தட்டு இரண்டரை அங்குல வகை, சட்டைப்பையில் அடங்கக்கூடியது. இரண்டரை அங்குலத் தட்டுகளிலும் தடிப்பு வேறுபடும். 7 மில்லிமீற்றரும் 9.5 மில்லிமீற்றரும் பொதுவானவை. 15 மில்லிமீற்றர் வரை தடித்தவையும் உண்டு. மெல்லிய தட்டு பெரிய கூட்டில் அடங்கும். தடித்த தட்டு மெல்லிய கூட்டில் நுழையாது.

இணைப்பு வாய் இரண்டாவது. வாயில் ஊசிகள் இரு வரிசையாக நீட்டி நின்றால் அது ஐ.டி.ஈ. எனப்படும் பழைய வகை. மேசைக்கணினித் தட்டில் அகன்ற 40 ஊசி வாயும், மடிக்கணினித் தட்டில் நுண்ணிய 44 ஊசி வாயும் இருக்கும். ஊசிகள் இன்றி, நீண்டதும் குறுகியதுமாக இரு தட்டையான நாக்குகள் அருகருகே இருந்தால் அது சாட்டா வகை. 2003ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்து, பின்னர் ஐ.டி.ஈ.யை முற்றாக அகற்றிவிட்ட முறை இதுவே. ஆகவே 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் வாங்கிய கணினி என்றால் ஐ.டி.ஈ.யை எதிர்பார்க்கலாம், அதற்குப் பிந்தியது என்றால் சாட்டாவாக இருத்தல் கூடும்.

அண்மைக்கால மடிக்கணினிகளில் சுயிங்கம் துண்டு போன்ற மெல்லிய பலகை ஒன்றே சேமிப்பகமாக உள்ளது. இதனை எம்.2 என்பர். இதிலும் இரு சாதிகள் உண்டு: சாட்டா மொழி பேசுவது ஒன்று, என்.வி.எம்.ஈ. மொழி பேசுவது மற்றொன்று. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தாலும் ஒன்றுக்கான கூட்டில் மற்றது இயங்காது. பொன்னிற விளிம்பில் இரு வெட்டுகள் இருந்தால் சாட்டாவாகவும், ஒரு வெட்டு மட்டும் இருந்தால் என்.வி.எம்.ஈ.யாகவும் இருத்தல் பெருவழக்கு, விலக்குகளும் உள. ஆதலால் பலகையில் ஒட்டியுள்ள சிட்டையைப் படித்து உறுதி செய்வதே முறை. இரண்டு வகையையும் ஏற்கும் கூடுகளும் கிடைக்கின்றன. ஐயமுற்றோர் சற்று விலை கூடினும் அவற்றை வாங்குவது நலம். அண்மைய மக்புக் கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதனைக் கழற்ற இயலாது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

கூட்டைத் தெரிவு செய்தல்

வகை தெரிந்தபின் தெரிவு எளிது. கவனிக்க வேண்டியவற்றுள் மின்சாரமே தலையாயது. இரண்டரை அங்குலத் தட்டுக்கு 5 வோல்ற் போதும், யு.எஸ்.பி. வடமே அதனை வழங்கிவிடும். மூன்றரை அங்குலத் தட்டின் சுழல்பொறிக்கு 12 வோல்ற் வேண்டும், அதனை யு.எஸ்.பி. வடம் சாதாரணமாகத் தராது. எனவே சுவரிற் செருகும் தனி அடாப்டருடன் வரும் கூட்டையே மூன்றரை அங்குலத் தட்டுக்கு வாங்க வேண்டும். அடாப்டர் இல்லாத மலிவுக் கூட்டினை வாங்கிவந்து, தட்டு சுழலவில்லை என்று அதனைக் குப்பையில் இட்டவர்கள் உளர். சுழலாதது தட்டின் குற்றமன்று.

வேகம் அடுத்தது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது இதுதான். பழைய தட்டை மீட்க நினைப்பவர் மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் இதுதான். யு.எஸ்.பி. 2.0 செக்கனுக்கு 480 மெகாபிற் வேகமுடையது, யு.எஸ்.பி. 3.0 அதனிலும் பத்து மடங்கு கூடிய 5 கிகாபிற் வேகமுடையது. யு.எஸ்.பி. 3.0 என்பதே பின்னர் 3.1 முதலாந்தலைமுறை எனவும், 3.2 முதலாந்தலைமுறை எனவும் பெயர் மாற்றப்பட்டது. பெயர் புதிதாயினும் பொருள் பழையதே. சுழலும் தட்டு எதுவும் இந்த 5 கிகாபிற் வேகத்தை எட்டுவதில்லை. ஆகவே 10 கிகாபிற், 20 கிகாபிற் என்று விலை ஏற்றிச் சொல்லப்படும் கூடுகள் என்.வி.எம்.ஈ. பலகைகளுக்கு மட்டுமே பயன் தரும். அவ்வகைப் பலகைகள் விரைவில் சூடேறுவதால் அவற்றுக்கு உலோகக் கூடே உகந்தது.

கொள்ளளவையும் நோக்க வேண்டும். பழைய கூடுகள் பல 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டினைச் சரியாக அறிந்துகொள்ளமாட்டா. நண்பர் ஒருவர் தந்த பழைய கூட்டில் புதிய 4 டெராபைட் தட்டினை இட்டுவிட்டு, மீதி எங்கே என்று தேடுவதில் பயனில்லை.

ஐ.டி.ஈ. தட்டுக்கான கூடுகள் இன்று அருமையாகிவிட்டன. அத்தகையோர் சாட்டா, பெரிய ஐ.டி.ஈ., சிறிய ஐ.டி.ஈ. ஆகிய மூன்று வாய்களையும் கொண்ட மாற்று வடம் ஒன்றைத் தேடிப் பெறலாம். தட்டை மேசைமேல் வைத்து ஒருமுறை பிரதி எடுத்து முடிக்க அது போதும். மேசைக்கணினி ஐ.டி.ஈ. தட்டின் பின்புறத்தில் சிறு தொப்பிபோன்ற செருகி ஒன்று இருக்கும். அதனைத் தட்டின் சிட்டையில் உள்ள படத்தின்படி "மாஸ்டர்" நிலையில் வைத்தாலே பல மாற்று வடங்கள் தட்டை அடையாளம் காணும்.

பொருத்தும் முறை

தட்டைத் தொடுமுன் வெப்பமூட்டிக் குழாய் போன்ற உலோகம் எதனையேனும் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை அகற்றிக்கொள்ள வேண்டும். குளிர்நாடுகளின் வறண்ட காற்றும் கம்பள விரிப்பும் நிலைமின்னுக்குத் தாய்வீடு. தட்டின் பச்சைப் பலகையில் விரல் படாது ஓரங்களைப் பிடித்து, வாய்க்கு வாய் நேராக வைத்து மெல்லத் தள்ள வேண்டும். தடை தோன்றினால் பலாத்காரம் கூடாது. 44 ஊசி வகையில் ஓர் ஊசி வளைந்தாலும் தொல்லை. கூட்டை மூடியபின் முதலில் அடாப்டரையும், பின்னர் யு.எஸ்.பி. வடத்தையும் இணைக்கலாம். தட்டு சுழலும்போது கூட்டை அசைக்கலாகாது. அதனுள்ளே தலை என வழங்கும் முனை தட்டின் மேற்பரப்பைத் தொடாமல், மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில் மிதந்தபடி படிக்கின்றது.

"டிக், டிக்" என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை கேட்டால் உடனே மின்னை நிறுத்திவிடுக. மீண்டும் மீண்டும் முயல்வது மீட்கக்கூடியதையும் கெடுத்துவிடும். எக்காரணங்கொண்டும் தட்டின் உலோக மூடியைத் திறக்கக் கூடாது. தட்டில் உள்ளவை உயிர்ப்பொருள்களாயின், மீட்புப் பணி செய்யும் தொழிலகத்தை நாடுவதே வழி. அதற்குச் செலவு கூடுதலாகும். ஆதலின் முதலில் விலைமதிப்பை எழுத்தில் பெறுக.

திரையில் தோன்றும் கேள்விகள்

பழைய தட்டை இணைத்தவுடன் விண்டோஸ் சில வேளைகளில், "இத்தட்டை ஃபோர்மட் செய்தல் வேண்டும், செய்யலாமா?" என்றோ, "இனிஷியலைஸ்" செய்யலாமா என்றோ வினவும். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வதாயின் இதனைக் கொள்க: பழைய தட்டைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்கு விடை "வேண்டாம்" என்பதே. அக்கேள்வி தட்டு வெறுமையானது என்பதற்குச் சான்றன்று. அதன் எழுத்து முறை இக்கணினிக்குப் புரியவில்லை என்பதே பொருள். அப்பிள் கணினியில் இருந்த தட்டினை விண்டோசில் இணைத்தாலும் இதே கேள்வி எழும். அத்தட்டினை மற்றோர் அப்பிள் கணினியில் இணைத்தால் திறக்கக்கூடும்.

தட்டு திறந்தபின் கோப்புறை ஒன்று "அனுமதி இல்லை" என்று மறுக்கலாம். பழைய கணினியின் பயனர் பெயருக்கு உரிய பூட்டு அது. நிர்வாகி உரிமையுள்ள கணக்கிலிருந்து "தொடர்க" என்ற பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும். ஆனால் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லொக்கர் என்னும் மறைகுறியீட்டுப் பூட்டு இருக்கும். அதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி வேண்டும். கணினி வாங்கியபோது மைக்ரோசொப்ட் கணக்கு திறந்திருந்தால் அக்கணக்கில் அச்சாவி சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். சாவி இன்றேல் கூடும் உதவாது, கடைக்காரரும் உதவார். கணினி நல்ல நிலையில் உள்ளபோதே அச்சாவியைத் தாளில் எழுதி வைப்பது அறிவுடைமை.

எம்மவர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. 1990களிலும் அதன் பின்னரும் நாம் தட்டச்சிட்ட தமிழ்க் கடிதங்களும், மலர்களும், வாக்குமூலங்களும் பெரும்பாலும் "பாமினி" முதலிய எழுத்துருக்களில் அமைந்தவை. அவை தமிழ் வடிவத்தைத் திரையில் காட்டினவே அன்றி, உள்ளே ஆங்கில எழுத்துகளையே பதித்து வைத்தன. அவ்வெழுத்துரு இல்லாத இன்றைய கணினியில் அக்கோப்பைத் திறந்தால், "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென எண்ணி அழித்தோர் பலர். கெட்டது எதுவுமில்லை. பாமினி எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீண்டும் தெரியும். யுனிகோட் முறைக்கு மாற்றித்தரும் இலவச மென்பொருள்களும் உண்டு. பழைய தட்டிலுள்ள "ஃபொன்ற்ஸ்" என்னும் கோப்புறையையும் சேர்த்துப் பிரதி எடுத்துக்கொண்டால் அந்த எழுத்துரு அங்கேயே கிடைத்துவிடலாம்.

தட்டு திறந்ததும் படம் பார்க்க அமராதீர்கள். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்துக்குப் பிரதி செய்க. இடம் பெயர்த்தல் வேண்டாம். பிரதி எடுத்தல் மட்டுமே செய்க. பின்னர் பிரதியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து சரிபார்க்க வேண்டும். வடத்தைப் பிடுங்குமுன் "பாதுகாப்பாக அகற்றுக" என்ற கட்டளையைக் கொடுக்கத் தவறலாகாது. எழுதி முடிந்ததாகத் திரை காட்டினும் கணினியின் நினைவகத்தில் மீதி காத்திருக்கலாம்.

புதிய தட்டைத் தயார் செய்தல்

பிரதி எடுப்பதற்கெனப் புதிய தட்டும் கூடும் வாங்கியவர்க்கு நிலைமை வேறு. புதிய தட்டை இணைத்ததும் அது கோப்புறைப் பட்டியலில் தோன்றாது. இதனைப் பழுது என்று எண்ணிக் கடைக்குத் திரும்பவேண்டியதில்லை. விண்டோசின் "டிஸ்க் மனேஜ்மென்ற்" பகுதிக்குச் சென்று, இப்போது "இனிஷியலைஸ்" செய்யலாம். அங்கே ஜி.பி.ரி. முறையைத் தெரிவு செய்க, பழைய எம்.பி.ஆர். முறை 2 டெராபைட்டுக்கு மேல் செல்லாது. ஆனால் எந்தத் தட்டைத் தொடுகின்றோம் என்பதனைக் கொள்ளளவைக் கொண்டு இருமுறை உறுதிசெய்தபின்னரே தொட வேண்டும்.

அடுத்தது ஃபோர்மட். விண்டோஸ் மட்டுமே பயன்படுத்தும் வீட்டுக்கு என்.ரி.எஃப்.எஸ். ஏற்றது. அப்பிள் கணினி அதனைப் படிக்கும். ஆனால் தனி மென்பொருளின்றி அதில் எழுதாது. இரண்டும் உள்ள வீட்டுக்கு எக்ஸ்ஃபாட் பொருந்தும். ஆயினும் அதில் எழுதும்போது வடம் கழன்றால் சேதம் கூடுதலாகலாம். பழைய ஃபாட்32 வேண்டாம். அது 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பினை ஏற்காது. மினி டி.வி. நாடாவில் பிடித்த திருமண ஒளிப்பதிவு ஒரு மணி நேரமே ஆயினும், உள்ளபடி கணினிக்கு மாற்றினால் ஏறத்தாழ 13 கிகாபைட் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு பிரதி காப்பாகாது

கூட்டில் இட்டுவிட்டோம், இனி அச்சமில்லை என்று நினைப்பதே பெருந்தவறு. பழைய தட்டு நாளை நிற்கலாம். புதிய தட்டும் ஒருநாள் நிற்கும். எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்தவர், முன்பிருந்த ஒற்றைப் பிரதியை இன்னோர் ஒற்றைப் பிரதியாக மாற்றியவரே ஆவர்.

ஒற்றைப் பிரதி என்பதன் பொருளை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மறுபடி வாங்கக்கூடிய நூல்களை மீண்டும் வாங்கினர். வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் என்றென்றைக்கும் போயின. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதி செய்து காத்து வருவதன் நியாயம் இதுவே. நூலகத்துக்குப் பொருந்தும் நியாயம் ஒரு குடும்பத்தின் பெட்டிக்கும் பொருந்தும்.

ஒளிப்படக் கலைஞர்களிடையே வழங்கும் எளிய விதி ஒன்றுண்டு: மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். கணினியில் ஒன்று, கூட்டிலிட்ட தட்டில் ஒன்று, வேறு நகரிலோ வேறு நாட்டிலோ வாழும் சகோதரரின் வீட்டில் ஒன்று. உறவுகள் பல நாடுகளில் சிதறிக் கிடப்பது எமக்கு நேர்ந்த துயரம். இந்த ஒரு காரியத்திலேனும் அச்சிதறல் எமக்குப் பயன்படட்டும். அலுமாரியில் பல ஆண்டுகள் மின்னின்றி வைப்பதற்கு எஸ்.எஸ்.டி. வகையைக் காட்டிலும் சுழலும் தட்டே மேலானது. அதனையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இணைத்துச் சரிபார்க்க வேண்டும்.

மறைவும் காப்பின் ஒரு பாதியே. அகதி வாக்குமூலத்தில் ஊரில் இருப்போரின் பெயர்கள் இருக்கும், சாட்சியங்கள் இருக்கும். அத்தகைய தட்டினை அறியாதவர் கையில் கொடுத்துவிட்டு வருவது தகாது. கடையிற் கொடுப்பதாயின் கூடவே நின்று பார்க்கலாம் அல்லது நம்பிக்கையான இளைஞர் ஒருவரை வீட்டுக்கு அழைக்கலாம். புதிய தட்டில் அவற்றை வைக்கும்போது வெராகிரிப்ற் போன்ற இலவச மென்பொருளால் பூட்டி வைக்கலாம். கடவுச்சொல்லை மறந்தால் திறக்க வழியில்லை என்பதை மறவாதீர்கள். பழைய கணினியை வீசுமுன் தட்டைக் கழற்றி வைத்துக்கொள்வது இருவகையிலும் நன்று: எம்முடையது எம்மிடம் இருக்கும், பிறர் கண்ணில் படாது.

ஸ்கான் செய்த பிரதி மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் மூல உறுதி தொலைந்த இடத்தில், அதன் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்திருப்பவர் பதிவகத்தின் வாயிலில் வெறுங்கையுடன் நிற்கமாட்டார். ஆகவே இவ்வார இறுதியில் மூலையிற் கிடக்கும் அந்தக் கணினியை வெளியே எடுங்கள். மூடியைத் திறந்து தட்டின் சிட்டையைப் படியுங்கள். அளவையும் வாயையும் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.